இடுப்பு வலியோடு பத்து நாள் தியானத்துக்குப் போகலாமா?

நாலாம் மாடித் தையல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். யாங்கோனில் இருக்கிறேன், வயது 52. தையல்தான் தொழில். கைலி ஓரம் அடிப்பது, பள்ளிச் சீருடை, கோயிலுக்குப் பட்டுப் பாவாடை, எது வந்தாலும் தைப்பேன்.

நாலு வருடமாக இடது பக்க இடுப்பில் வலி. சில நாள் பின்தொடை வரை இறங்கும். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. முதுகுத்தண்டு வட்டு தேய்ந்திருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை, மாத்திரை போடுங்கள் என்றார்கள். மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது, போடாவிட்டால் இடுப்பு எரிகிறது. வீடு நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது. காய்கறிக்காரி வந்து கூப்பிட்டால் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கி வாங்கிக்கொள்கிறேன். கீழே இறங்கிப் பல நாள் ஆகிறது.

கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாது. அதனால் வந்த நேரத்தில் மோட்டார் மிஷினில் மூன்று நாலு மணி நேரம் எழுந்திருக்காமல் தைத்து முடிப்பேன். அப்புறம் நிமிரவே முடியாது.

சிங்கப்பூரில் இருக்கும் மகள் யோகா வீடியோ அனுப்பினாள். ஒரு நாள் செய்தேன், மூன்று நாள் படுத்தேன். எதிர் வீட்டு பர்மியக்கா, "யேய்த்தாவுக்குப் (தியான மடம்) போய்ப் பத்து நாள் தியானத்தில் உட்கார், எல்லாம் போய்விடும்" என்கிறார்.

என் கேள்வி மூன்று. அரை மணி நேரம் உட்கார முடியாதவள் பத்து நாள் எப்படி உட்காருவது? நான் காளியம்மனைக் கும்பிடுகிறவள், பங்குனியில் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல் இருக்கிறது, புத்த மடத்துக்குப் போகலாமா? முக்கியமாக, வலி போகுமா?

பொட்டடவுன் பையன்:

அக்கா, எங்கள் அத்தைக்கும் இதே கதைதான். மார்க்கெட் பக்கம் ஒருவர் முதுகில் ஏறி மிதித்துச் சொடுக்கு எடுப்பார். ஒரே தடவையில் அத்தை எழுந்து நடந்தார். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. விலாசம் வேண்டுமானால் சொல்கிறேன்.

மோல்மேன் கிழவன்:

தங்கச்சி, நாலாம் மாடியிலிருந்து கயிறு இறக்குகிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். நானும் மூன்று வருடம் கயிற்றின் மேல் முனையில் வாழ்ந்தவன்.

எனக்கு 71 வயது. துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கிளார்க்காக இருந்தேன். இங்கேயிருந்து உளுந்து கப்பல் கப்பலாக இந்தியாவுக்குப் போகும், தெரியுமில்லையா? சென்னையில் இட்லி தின்கிறவர்களில் பாதிப் பேர் நான் எண்ணிய மூட்டையைத் தின்றிருப்பார்கள் என்று பெருமையடித்துக்கொள்வேன். எண்ணுவதோடு நிறுத்தியிருக்க வேண்டும். 2014-ல் ஒரு நாள் ஆள் குறைவு என்று ஒரு மூட்டைக்குக் கை கொடுத்தேன். அன்று போனது இடுப்பு.

ஒரு கிளினிக்கில் வாரம் ஒரு ஊசி போட்டார்கள். என்ன ஊசி என்று கேட்டால் "வலிக்கு" என்பார்கள். முகம் உப்பியது, வலி குறைந்தது. ஊசி நின்றதும் வலி வட்டியோடு திரும்பி வந்தது. 2017 மழைக்காலத்தில் என் மூத்த மருமகன் (பர்மியப் பையன், தங்கமானவன்) மோல்மேனில் மஹாசி முறையில் (மஹாசி என்ற பிக்கு சொல்லிக்கொடுத்த தியான முறை) நடத்தும் ஒரு சின்ன யேய்த்தாவில் கொண்டுபோய் விட்டான்.

முதல் நாளே சயாடோவிடம் (மடத்துப் பெரிய பிக்கு), "வலியைப் போக்கிக்கொள்ள வந்திருக்கிறேன்" என்றேன். அவர் சிரித்தார். வலியை விரட்டுவதற்கு ஆஸ்பத்திரி இருக்கிறது, வலி எப்படி இருக்கிறது என்று பார்ப்பதானால் இங்கே இரு என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இதே கதை விபாசனா தியான ஆசிரியர் கோயங்காவுக்கும் நடந்திருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். மாண்டலேயில் பிறந்த இந்திய வியாபாரி அவர். தீராத ஒற்றைத் தலைவலி, மார்ஃபின் ஊசி வரை போனவர். 1955-ல் இங்கே ரங்கூனில் தியானம் சொல்லிக்கொடுத்த ஊ பா கின்னிடம் போய்த் தலைவலியைச் சொன்னபோது, தலைவலிக்காக என்றால் சேர்க்க மாட்டேன், மனதைச் சுத்தம் செய்ய என்றால் வா என்று திருப்பிவிட்டார். ஊ பா கின் சாமியார் இல்லை. அரசாங்கத்தின் தலைமைக் கணக்காளர், குடும்பஸ்தர். கணக்குப்பிள்ளை என்பதாலேயே எனக்கு அவர் மேல் ஒரு தனிப் பிரியம்.

சரி, உங்கள் முதல் கேள்வி. மஹாசி முறையில் பத்து நாளும் உட்கார்ந்தே இருக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் உட்கார்வது, ஒரு மணி நேரம் நடப்பது, மாற்றி மாற்றி. உட்காரும்போது வயிறு எழும்புவதையும் இறங்குவதையும் கவனித்து மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். வேறு ஏதாவது பலமாக வந்தால், வயிற்றை விட்டுவிட்டு அதைப் பார்க்க வேண்டும். எனக்கு வேறு என்ன வரும், வலிதான் வரும். "வலி, வலி" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் அழுதேன், மறைப்பானேன். நாலாம் நாள் காலில் நெருப்பு ஓடியது, நாற்காலி கேட்டேன். கொடுத்துவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவி நான் நாற்காலிக்கு மாறியதைக் கண்ணைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இத்தனை நாள் தரையில் உட்கார்ந்து யாருக்கு வீரம் காட்டினேன் என்று வெட்கமாகிவிட்டது.

நாற்காலிக்கு வந்த பிறகுதான் வேடிக்கை. தினமும் சயாடோவிடம் போய்ப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். "வலித்தது" என்றேன். எங்கே, எவ்வளவு பெரிது, எரிகிறதா, இழுக்கிறதா, துடிக்கிறதா, இருந்துகொண்டே இருக்கிறதா, வந்து போகிறதா என்று மூட்டை எண்ணுகிறவனிடம் கேட்கிற மாதிரி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று வருடம் கூடவே இருக்கிற ஒன்று, அதன் அளவுகூடத் தெரியாது! போய்ப் பார்த்தேன். இடது புட்டத்துக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சூடு. அங்கிருந்து தொடைக்கு ஒரு இழுப்பு, அது வந்து வந்து போகிறது. அவ்வளவுதான் இடுப்பின் வேலை. மற்றதெல்லாம் நான் செய்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்திருந்தேன், கால் விரலை மடக்கியிருந்தேன், மூச்சை அடக்கியிருந்தேன். எழுந்திருக்க மணி அடித்ததுமே, எழுவதற்கு முன்னாலேயே உடம்பு முழுக்க இறுகிக்கொள்ளும். மனதில் "இப்படியே படுக்கையாகிவிடுவேனோ" என்று ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

சயாடோ அப்போது இரண்டு அம்பு கதையைச் சொன்னார். ஒருவனுக்கு ஒரு அம்பு தைக்கிறது, உடனே இரண்டாவதும் தைக்கிறது. முதலாவது உடம்பு வலி, இரண்டாவது அதை நினைத்துப் புலம்புவது. முதலாவதைப் புத்தராலும் தவிர்க்க முடியவில்லை என்றார். புத்தருக்கும் முதுகு வலி இருந்ததாம், நடுவில் பேச்சை நிறுத்திச் சீடரைத் தொடரச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வாராம். எனக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் ஒன்று. ஆறாம் நாள் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, இன்னும் தீரவில்லை. மூன்று வருடமாக நான் வீட்டில் பயந்து படுத்துக் கிடந்தேன். இங்கே ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் ஆமை மாதிரி நடந்துகொண்டிருக்கிறேன். என்னைத் தேற்றியது தியானமா, நடையா? பிரித்துச் சொல்ல முடியவில்லை. பயம் குறைந்ததால் நடந்தேன், நடந்ததால் பயம் குறைந்தது என்றுதான் சொல்ல முடிகிறது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, முதலில் பத்து நாளுக்குப் போகாதீர்கள். முதலில் நடங்கள். ஐந்து நிமிடம். வலி குறைவான நாளிலும் ஐந்து, வலி கூடிய நாளிலும் முடிந்தவரை ஐந்து. குறைவான நாளில்தான் நான் கெட்டேன். வீடு திரும்பியதும் உற்சாகத்தில் தடிஞ்சூட் விளக்குத் திருவிழாவுக்கு ஷ்வேடகோன் பகோடாவைச் சுற்றிச் சுற்றி வந்தேன், அப்புறம் நாலு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கக்கூசுக்குப் போனேன். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்றுதான் கூட்டினேன். இப்போது காலையில் மஹாபந்தூலா பூங்காவில் 35 நிமிடம் நடக்கிறேன். வழியில் டீக்கடையில் உட்காருவதில்லை. முழங்கால் மோவாயில் இடிக்கும் அந்தக் குட்டி ஸ்டூலை யார் கண்டுபிடித்தார்களோ, இந்த ஊரின் பாதி இடுப்பு அதில்தான் போகிறது. லபெட்யே டீயை நின்றுகொண்டே குடிக்கிறேன்.

எப்படி நடப்பது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயிலில் அடிப்பிரதட்சணம் செய்வீர்களே, அதேதான். ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து, ஒவ்வொரு அடிக்கும் அம்மன் பெயர். மடத்தில் தூக்குகிறேன், நகர்த்துகிறேன், வைக்கிறேன் என்று சொல்லச் சொன்னார்கள். இரண்டாம் நாளே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, என் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் செய்ததுதானே இது.

இரண்டாவது கேள்வி. நான் முருகன் அடிமை, இன்றும் கிருத்திகை விரதம் விடவில்லை. மடத்தில் யாரும் என் சாமியை விடச் சொல்லவில்லை. கோயங்கா முறையில் அந்தப் பத்து நாளுக்கு மட்டும் வேறு பூஜை, ஜபம், விரதம் எல்லாவற்றையும் ஒதுக்கி வைக்கச் சொல்வார்கள், பேசவும் கூடாது. அங்கே உட்காருவதும் அதிகம். முடியாதவர்களுக்கு நாற்காலி உண்டு. இரண்டு இடத்திலும் இன்ன கட்டணம் என்று கிடையாது, முடிந்ததைத் தானமாகக் கொடுக்கலாம்.

மூன்றாவது கேள்விக்குப் பதில், எனக்குப் போகவில்லை. பத்துக்கு எட்டு இருந்தது, இப்போது மூன்று நாலில் நிற்கிறது. மழைக்காலத்தில் ஐந்தாகும். ஆனால் மாடிப்படியைப் பார்த்தால் இப்போது மாடிப்படியாகத்தான் தெரிகிறது.

இன்னொன்று, அந்தக் கரண்டு விஷயம். வலியைவிட அதுதான் உங்கள் எதிரி. கரண்டு வந்தது என்று நாலு மணி நேரம் குனிந்தால் இடுப்பு என்ன, மிஷினே முறிந்துபோகும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து ஒரு துணியைக் கொடியில் போட்டுவிட்டு வாருங்கள். மிதி மிஷின் இருந்தால் கரண்டு இல்லாத நேரத்துக்கும் கொஞ்சம் வேலையைப் பங்கு போடுங்கள்.

பெகு நர்ஸ்:

கிழவர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. சில விஷயம் மட்டும் சேர்க்கிறேன், 26 வருடம் வார்டில் நின்றவள் என்ற உரிமையில்.

அக்கா, முதலில் இதைப் படியுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது, இவற்றில் ஒன்று வந்தாலும் தியானம், நடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக முதுகு வலி, இவையும் டாக்டர் பார்க்க வேண்டியவை.

தம்பி, முதுகில் ஏறி மிதிப்பவரின் விலாசத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். காலுக்கு வலி இறங்குகிறவர் மேல் எழுபது கிலோ ஏறுவதா! பெட்டிக்கடையில் நாலு நிற மாத்திரையை ஒன்றாகக் கட்டித் தரும் பொட்டலமும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி மாயமாக மறையும், அதற்கான விலையை எலும்பும் சர்க்கரையும் கொடுக்கும். டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடலாம். உங்களுக்கு வயிறு எரிகிறது என்றால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட வலி என்கிறோம். பெரும்பாலும் முதல் காயம் ஆறியிருக்கும், நரம்பும் மூளையும் மட்டும் எச்சரிக்கை மணியை நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருக்கும். வலி பொய் என்று அர்த்தமில்லை. மணி உண்மையாகவே அடிக்கிறது, வீட்டில் திருடன் இல்லை. ஸ்கேனில் "தேய்மானம்" என்று வந்ததைப் பார்த்துப் பயப்படாதீர்கள், உங்கள் வயதில் வலியே இல்லாதவர்களுக்கும் ஸ்கேனில் அது தெரியும்.

தியானத்துக்கு ஆராய்ச்சி உண்டா என்று யாராவது கேட்பீர்கள். அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-ல் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் எட்டு வாரப் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தார், நம் ஊர் விபாசனாவும் கொஞ்சம் யோகாவும் கலந்தது. 2016-ல் நாட்பட்ட இடுப்பு வலி உள்ள 342 பேரை வைத்து அதைச் சோதித்தார்கள். ஆறு மாதத்தில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் சுமார் 27 சதவீதம் பேருக்கு வலியின் தொல்லை சொல்லும்படி குறைந்தது, இந்தப் பயிற்சி பெற்றவர்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கு. நல்ல பலன்தான். ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை என்பதையும் கவனியுங்கள். எதிர் வீட்டுக்காரர் சொன்ன "எல்லாம் போய்விடும்" சரியில்லை. நடைக்கும் ஆதாரம் உண்டு. 2024-ல் ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்துப் பார்த்ததில், படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பி வர ஏழு மாதம் போலப் பிடித்தது, மற்றவர்களுக்கு நாலு மாதத்துக்குள் வந்துவிட்டது. அவர்கள் வலி வந்து குணமானவர்கள், உங்களைப் போல விடாத வலி உள்ளவர்கள் இல்லை. ஆனாலும் நடையால் இடுப்பு கெடாது என்கிற தைரியத்துக்கு அது போதும்.

வீட்டில் செய்ய இரண்டே இரண்டு. பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்புக்கும் தரைக்கும் இடையில் இருக்கும் வளைவை மெதுவாகத் தரையில் அழுத்தி விடுங்கள், பத்துத் தடவை. பிறகு கையையும் முழங்காலையும் ஊன்றி, பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி முதுகை மேலே வளைத்து, கீழே தளர்த்துங்கள், பத்துத் தடவை. மூச்சை அடக்கக் கூடாது. செய்யும்போது வலி தொடையிலிருந்து இடுப்புக்கு ஏறி வந்தால் நல்லது. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினால் அதை நிறுத்திவிடுங்கள்.

பொட்டடவுன் பையன்:

மன்னிக்கணும் அக்கா, நர்ஸ் அக்கா. அத்தை மூன்றாம் வாரம் மறுபடி படுத்துவிட்டார், அதை நான் எழுதவில்லை.

நாலாம் மாடித் தையல்காரி (ஏழு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், கரண்டும் நெட்டும் சேர்ந்து வரவில்லை.

முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். சமையல்கட்டிலிருந்து பால்கனிக்குப் பதினோரு அடி. இரண்டாம் வாரம் படி இறங்கினேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று, ஐயா சொன்ன மாதிரி பல்லைக் கடித்திருக்கிறேனா என்று பார்த்தேன். கடித்திருந்தேன், நாலு மாடியிலும்! இப்போது வெள்ளிக்கிழமை அனவ்ரத்தா சாலைக் காளி கோயிலில் மூன்று சுற்று அடிப்பிரதட்சணம். மற்ற நாளில் தெருவில் 12 நிமிடம்.

வலி இருக்கிறது. நடுவில் ஒரு வாரம் மோசமாகிவிட்டது. கல்யாண வீட்டுத் துணி வந்ததில் கரண்டு போகும்வரை எழுந்திருக்கவே இல்லை, என் தப்புதான். டாக்டரிடம் போய் மாத்திரையை மாற்றிக்கொண்டேன், வயிறு பரவாயில்லை. இரவில் படுத்துக்கொண்டு வயிறு எழும்புவதைப் பார்க்கிறேன், பாதியில் தூங்கிவிடுகிறேன். அது தியானமா என்று தெரியவில்லை, ஆனால் நாலு வருடமாக அப்படித் தூங்கியதில்லை. எதிர் வீட்டக்காவிடம் மழைக்காலத்துக்குப் பிறகு யேய்த்தாவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், நாற்காலி உண்டு என்று கேட்டு வைத்துக்கொண்ட பிறகுதான்.

கூடை இன்னும் கயிற்றில்தான் ஏறுகிறது. ஆனால் காசு கொடுக்க நானே இறங்கிப் போகிறேன். காய்கறிக்காரி, "இத்தனை வருடம் குரலைத்தான் தெரியும், நீங்கள் இவ்வளவு குள்ளமா" என்று கேட்டாள்.

ஐயா, ஒன்று கேட்கணும். பங்குனியில் பால்குடம் தூக்கலாமா?

மோல்மேன் கிழவன்:

குள்ளம் என்றாளா! அவளிடம் இனிமேல் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும்.

பால்குடத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போதே சின்னச் செம்பில் அரைச் செம்புத் தண்ணீர் ஊற்றித் தலையில் வைத்து வீட்டுக்குள் அந்தப் பதினோரு அடி நடந்து பாருங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் கூட்டலாம். கால் பக்கம் வலி இறங்கினால் கூட்டாதீர்கள். அன்றைக்கு முழுக் குடம் முடியாவிட்டால் சின்னக் குடமாக எடுங்கள், அம்மன் படி வைத்து அளக்கப்போவதில்லை.

கோயிலில் குடத்தை நீங்களே குனிந்து இறக்காதீர்கள். எதிரே ஒரு ஆளை நிறுத்தி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த உளுந்து மூட்டையைத் தூக்கியபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை தங்கச்சி, இறக்கி வைத்தபோதுதான்.